தம்பிக்கு வாங்கும் பெட்டி

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

ஓகஸ்ட் விடுமுறைக்கு வரும்போது தம்பிக்கு ஒரு பிளேஸ்டேஷன் 5, அதாவது தொலைக்காட்சியில் பொருத்தி விளையாடும் கொன்சோல் பெட்டி, கொண்டு வரட்டுமா, அல்லது அந்தப் பணத்தில் பாகங்களை வாங்கி விளையாட்டுக்கு ஏற்ற கணினி ஒன்றை இங்கேயே பூட்டிக் கொடுக்கலாமா என்று நீ தொலைபேசியில் கேட்டபோது, அவன் என் தோளோடு ஒட்டி நின்றதால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். அவன் விளையாடத்தான் கேட்கிறான். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுத்திருப்பதால் கணினி படிப்புக்கு உதவும் என்று அவனும் சொல்கிறான், நீயும் சொல்கிறாய். ஆனால் படிப்புக்கு மட்டுமென்றால் எங்கள் பாடசாலையில் கழித்துப்போட்ட ஒரு பழைய கணினியே போதும் என்பது தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற எனக்குத் தெரியாததல்ல. படிப்பைச் சாட்டாக வைக்காமல், விளையாட்டை விளையாட்டாகவே எடுத்துக் கணக்குப் பார்ப்போம்.

கொன்சோலின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. உவர்மலையில் அவனுடைய சிநேகிதன் வீட்டில் நான்கு பையன்கள் பாயில் இருந்தபடி மாறி மாறித் திரையில் பந்தடிப்பதைப் பார்த்திருக்கிறேன்; பொத்தானை அழுத்தினால் ஆட்டம் தொடங்குகிறது, ட்ரைவர் புதுப்பிப்பு, அமைப்பு மாற்றம் என்று ஒரு தலையிடியும் இல்லை. விலையிலும் அதுவே முந்துகிறது. கணினி பூட்டினால் மலிவு என்று இணையத்தில் சொல்பவர்கள் மொனிட்டர், கீபோர்ட், மின்சாரம் போனாலும் சற்றுநேரம் தாங்கும் யு.பி.எஸ்., விண்டோஸ் உரிமம் ஆகியவற்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள். இவற்றையெல்லாம் கூட்டினால் கணினியின் விலைதான் கூட வரும். பிளேஸ்டேஷன் 5 கூட இப்போது முன்னைய விலையில் இல்லை: 2020 நவம்பரில் 499 டொலருக்கு வந்த பெட்டியை 2025 ஓகஸ்டில் அமெரிக்காவில் 549.99 டொலராக ஏற்றிவிட்டார்கள். ஐந்து வருடம் பழசான ஒரு மின்னணுப் பொருள் விலை ஏறுவதை நான் இதற்கு முன்பு கண்டதில்லை.

இவ்வளவும் தெரிந்தும் நான் கணினி என்றே சொல்கிறேன். காரணம் நாங்கள் இருக்கிற இடம்.

பிளேஸ்டேஷன் வலையமைப்பில் கணக்குத் திறக்கக்கூடிய நாடுகளில் இலங்கை இல்லை. உன் கனடா முகவரியில் திறந்து கொடுக்கலாம் என்கிறாய், திறக்கலாம்தான். ஆனால் அதன்பிறகு அவன் அதில் வாங்குகிற ஒவ்வொரு விளையாட்டும் கனடா டொலரில், உன் அட்டையில்தான் ஏறும். நண்பர்களோடு இணையவழி விளையாடப் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் வேண்டும். அதையும் நீதான் கட்டுவாய். கணினியில் அப்படியில்லை. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கிற ஸ்டீம் கடை இலங்கை, நேபாளம், பங்களாதேஷ் போன்ற நாடுகளுக்கென்று டொலரிலேயே தனி விலைப்பட்டியல் வைத்திருக்கிறது, பல விளையாட்டுகளின் விலை அதில் குறைவு. இணையவழி விளையாட அது சந்தா கேட்பதுமில்லை. அதைப் போன்ற எபிக் கடை 2018 டிசம்பரிலிருந்து இலவச விளையாட்டுகளை விடாமல் கொடுத்து வருகிறது. பெட்டி வாங்குவது ஒரு நாள் செலவு. விளையாட்டு வாங்குவதோ வருடக்கணக்கில் நீளும், அந்த நீளம் முழுவதும் உன் சம்பளத்தில் விழுவதை நான் விரும்பவில்லை.

இரண்டாவது, கடற்காற்று. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் நம் யன்னல் கம்பிகள் என்ன பாடுபடுகின்றன என்று உனக்கு நினைவிருக்கும். அதே உப்புத்தான் மின்சுற்றுப் பலகையிலும் படிகிறது. சென்ற மாதம் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு கணினி பீப் பீப் என்று கத்தியதே தவிரத் திரையில் ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் அது செத்துவிட்டது என்றார்கள். நான் கேசிங்கைத் திறந்து, ராம் எனும் நினைவகக் கட்டையைக் கழற்றி, அதன் விளிம்பிலுள்ள பொன்னிறத் தொடுமுனைகளை ஒரு மாணவியின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். வெள்ளை அழிறப்பர் தேய்த்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறமானது. திரும்பப் பூட்டியதும் வேலை செய்தது. செலவு ஒரு சதமும் இல்லை.

கொன்சோலில் இப்படிக் கை வைக்க முடியாது. பிளேஸ்டேஷன் 5-இல் அதன் மூளையான புரொசெசரின் சூட்டைக் கடத்துவதற்குத் திரவ உலோகம் இட்டிருக்கிறார்கள். விஷயம் தெரியாதவர் திறந்து அது பலகையில் சிந்தினால் பெட்டி அத்தோடு போய்விடும். பக்கத்து வீட்டுப் பையனின் கொன்சோலில் தொலைக்காட்சி வயரைச் செருகும் எச்.டி.எம்.ஐ. வாய் நெளிந்தபோது இங்கே யாரும் தொடத் துணியவில்லை. இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஏழு வாரம் கழித்துத்தான் வந்தது. கணினியில் எது பழுதோ அதை மட்டும் மாற்றலாம், மாற்றுவதற்கு நானே போதும்.

கூடத்துத் தொலைக்காட்சியையும் யோசி. அது 32 அங்குலம், படத்தெளிவு 1080 பி. கொன்சோலின் அதைவிடக் கூர்மையான 4கே படத்தை அதில் காண வழியில்லை. அதற்கென்று புதுத் தொலைக்காட்சி வாங்கினால் உன் சிக்கனக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். 1080 பி அளவுக்கென்றால் கணினியில் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்ட் நடுத்தரமானதொன்று தாராளமாகப் போதும். பந்தடிக்கப் பையன்கள் வந்தால் கணினியையே எச்.டி.எம்.ஐ. வயரால் தொலைக்காட்சியில் பொருத்தலாம், பிளேஸ்டேஷனின் கைப்பிடியும் கணினியில் வேலை செய்யும். ஆகையால் மொனிட்டர் கூட உடனே தேவையில்லை, தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் எழுதிவைத்திருக்கிற கணக்கு இதுதான். புரொசெசர் ஏ.எம்.டி. ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட், குளிரூட்டும் விசிறி பெட்டிக்குள்ளேயே வரும். கிராபிக்ஸ் கார்ட் ரேடியன் ஆர்.எக்ஸ். 6600, 8 ஜிபி. அது 132 வாட் அளவில் நின்றுவிடுவதால் 550 வாட் பவர் சப்ளை போதும். ராம் 16 ஜிபி, ஆனால் ஒரே கட்டையாக வேண்டாம், எட்டு எட்டாக இரண்டு. இரட்டைப் பாதையில் ஓடினால்தான் முழு வேகம் கிடைக்கும். விளையாட்டுகளைச் சேமிக்க 1 டிபி எஸ்.எஸ்.டி. ஒன்று. முதலில் 5600ஜி வாங்கிக் கார்ட் இல்லாமலே சமாளிக்கலாமா என்றும் பார்த்தேன். அதற்குள் இருக்கிற கிராபிக்ஸ் பந்தடிக்கத் தாங்கும், அவன் கேட்கிற சண்டை விளையாட்டுகளுக்குத் தாங்காது. இரண்டு மாதத்தில் மூஞ்சியை நீட்டிக்கொண்டு கார்ட் கேட்பான்.

இவற்றில் புரொசெசர், கார்ட், ராம், எஸ்.எஸ்.டி. நான்கையும் நீ அங்கிருந்து கொண்டு வா. நான்கும் சேர்ந்தாலும் கொன்சோல் பெட்டி பிடிக்கிற இடத்தில் பாதி பிடிக்காது, சீக்கிரம் பழுதாகிற சாமானும் அல்ல. எல்லாப் பாகங்களையும் பொருத்தும் மதர்போர்ட், பவர் சப்ளை, கேசிங், யு.பி.எஸ். ஆகியவற்றை இங்கே உத்தரவாதத்தோடு வாங்குகிறேன், ஏனென்றால் மின்சாரம் கூடிக் குறைகிறபோது முதலில் அடிவாங்குவது அவைதான். மதர்போர்ட் பழைய இருப்பாக இருந்தால் பயாஸ் எனும் அதன் தொடக்க மென்பொருளைப் புதுப்பிக்காமல் 5600-ஐ அடையாளம் காணாது. அதைப் புதுப்பித்துத்தான் தர வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டேன். மின்நாணயம் எடுக்கும் சுரங்க வேலைக்கு ஓடிய பழைய கார்ட்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று யாராவது சொன்னால் கேட்காதே. எத்தீரியம் எனும் மின்நாணயம் 2022 செப்டெம்பரில் கார்ட் தேவையில்லாத முறைக்கு மாறிய பிறகு அவை குவிந்து வந்தன. இரவு பகலாகச் சூட்டில் ஓடியதை இந்த உப்புக்காற்றில் கொண்டுவந்து வைக்க எனக்கு மனமில்லை.

யு.பி.எஸ். விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கப் போவதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் இருட்டில் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது என்று அமைச்சரே சொன்னார். கடையில் சாதாரணமாக நீட்டுகிற 650 வி.ஏ. கொள்திறனுள்ள யு.பி.எஸ். பெட்டியை விளையாட்டுக் கணினியும் திரையும் சேர்ந்து நெருக்கிவிடும். 1000 வி.ஏ. எடுக்கிறேன். அது சில நிமிடம் தாங்கினால் போதும், அவன் சேமித்துவிட்டு அணைக்கட்டும். குரங்கு வந்தால் கொன்சோலுக்கும் இதே யு.பி.எஸ். தேவைப்பட்டிருக்கும் என்பதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. முதலில் முகம் வாடும், தெரியும். உவர்மலைப் பையன்களிடம் பிளேஸ்டேஷன் வருகிறது என்று சொல்லியும்விட்டான் போலிருக்கிறது. பூட்டுகிற நாளில் ஸ்க்ரூட்ரைவரை அவன் கையில்தான் கொடுக்கப் போகிறேன். நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியாக ஒன்று. அந்தப் புரொசெசரின் அடியில் 1331 ஊசிகள் உண்டு, ஒன்று வளைந்தாலும் பொருத்த முடியாது. அதன் பிளாஸ்டிக் உறையைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, பெட்டியோடு கைப்பையில் வைத்து எடுத்து வா. பெரிய பயணப்பெட்டியில் போட வேண்டாம். பற்றுச்சீட்டுகளையும் எறிந்துவிடாதே. வாங்கியதும் விலையை எனக்கு மட்டும் அனுப்பு, வீட்டுக் குழுவில் போடாதே.

அன்புடன்,
அம்மா