பெரியவனைப் பற்றிக் கேட்டிருந்தாய்

பான்ஃப், ஆல்பர்ட்டா, கனடா
தை மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் மாமாவும் பிள்ளைகளும் நலம்தானே? உன் பெரியவனை இங்கே வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாயே. போனில் பேசினால் பாதியில் அழுகை வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

குளிர் எப்படி என்று கேட்டாய். உயரத்தில் நம் ஊட்டிதான் பெரிது, 2,240 மீட்டர். இந்த ஊர் 1,383தான். ஆனால் அங்கே புல்லில் படிகிற உறைபனி ஒன்பது மணி வெயிலுக்குப் போய்விடும். இங்கே மைனஸ் இருபதில் மூக்கு முடிகூட விறைத்துக்கொள்கிறது.

வேலை, ஹோட்டலில் அறை சுத்தம் செய்வது. அரசாங்கத் தாளில் 'லைட் டூட்டி கிளீனர்'. லைட்டாம்! அந்தப் பெயரை வைத்தவர் ஒரு நாள் வந்து மெத்தை தூக்கிப் பார்க்கட்டும். ஒரு ஷிஃப்டுக்குப் பதினான்கு அறை. ஆள் தங்கியிருக்கும் அறை சீக்கிரம் முடியும். காலி செய்துபோன அறைதான் உயிரை எடுக்கும். விரிப்பின் மூலையைச் சாய்வாக மடித்து மெத்தைக்கடியில் இறுக்கிச் செருக வேண்டும், முதல் மாதம் நகமெல்லாம் உடைந்தது. குளியல் தொட்டியில் ஒரு தலைமுடி கிடந்தாலும் சூப்பர்வைசர் திரும்பக் கூப்பிடுவார். கொழுந்து பறித்து அம்மாவுக்கு வலித்த அதே மணிக்கட்டுதான் எனக்கும் வலிக்கிறது. ஆனால் சாக்கு எடை, ஈர எடை என்று இங்கே யாரும் கழிப்பதில்லை. மணிக்கணக்குக் கூலி.

சரி, பெரியவன் விஷயத்துக்கு வருகிறேன். கிளீனர் வேலை, போனதும் பிஆர் (இங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை), அதற்கு ஆறு லட்சம் என்று ஏஜெண்ட் சொன்னாராம். உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன்: நானும் மூன்று லட்சம் கொடுத்துத்தான் வந்தேன். வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி வாங்கவேண்டிய அனுமதிக்கு, எல்எம்ஐஏ என்பார்கள், ஆளுக்கு 1,000 டாலர் கட்டணம். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வாங்கவே கூடாது. இது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் இந்த பிஆர். இங்கே அரசாங்கம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண்ணும், பூஜ்யம் முதல் ஐந்து வரை ஒரு படியும் வைத்திருக்கிறது. எங்கள் வேலையின் எண் 65310, கடைசியான ஐந்தாம் படி. பிஆருக்கு மத்திய அரசு வைத்திருக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற வழியில் வேலை அனுபவம் என்று எடுத்துக்கொள்வது பூஜ்யம் முதல் மூன்றாம் படி வரைதான். நான் பத்து வருஷம் கக்கூஸ் கழுவினாலும் அந்தக் கதவு திறக்காது. எங்கள் மாகாணமான ஆல்பர்ட்டா 2024-ல் சுற்றுலா, ஹோட்டல்காரர்களுக்கென்று தனி வழி ஒன்று திறந்தது. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம், கூடவே ஆங்கிலப் பரீட்சை. பெயர் பதிந்திருக்கிறேன். அழைப்பு வரணும். சூப்பர்வைசர் ஆகிவிட்டால் எண் மாறும், இரண்டாம் படி. அதற்காகத்தான் ராத்திரி பதினோரு மணிக்கு இங்கிலீஷ் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பத்தாவதில் படித்திருந்தால் ஆகியிருக்கும்.

பெரியவனை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஏஜெண்ட் காட்டிய தாளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல், முதலாளி பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். உன் தோட்டைக் கழற்றாதே. ஏற்கெனவே முன்பணம் ஏதாவது கொடுத்துவிட்டீர்களா? மாமா திட்டினாலும் பரவாயில்லை, அதை மட்டும் மறைக்காமல் எழுது.

உன் தங்கச்சி