அழாத பிள்ளை

அன்புள்ள கலாவுக்கு,

சுகமா? அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கிலாந்தின் இந்த நியூகாசிலில் டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடுகிறது. நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்தால் அன்றைய பகல் போயே போய்விட்டது. சம்பா அரிசி ஒரு மலையாளி கடையில் கிடைக்கிறது. மீன்தான் நம் குழம்புக்கு ஒத்துவரவில்லை.

வந்த புதிதில் ஒரு பாட்டி என்னை 'பெட்' என்று கூப்பிட்டார். நாய்க்குட்டி, பூனைக்குட்டி மாதிரி நினைத்துவிட்டாரோ என்று எனக்கு முகம் சுருங்கிப்போனது. அப்புறம்தான் தெரிந்தது, இந்த ஊரில் அது நம் 'கண்ணு' மாதிரி.

சரி, நீ போனில் புலம்பினாயே, நர்சிங் பரீட்சைக்காக, மனம் வளர்வதற்கு எரிக்ஸன் சொன்ன எட்டு நிலையையும் சிந்தனை வளர்வதற்குப் பியாஜே சொன்ன நாலு நிலையையும் நெட்டுருப் போட்டு என்ன பிரயோஜனம் என்று. நானும் பரீட்சை முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் மறந்தவள்தான். குழந்தைகள் வார்டில் ஒரு தப்பு செய்த பிறகுதான் திரும்பப் படித்தேன்.

நாலு வயதுப் பையன் ஒருவன். (பெயர் சொல்லக்கூடாது, சொன்னால் வேலை போய்விடும்.) வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் அவன் அம்மாவால் இரவு தங்க முடியவில்லை. முதல் நாள் கத்தினான், என் கையைக் கடித்தான். மூன்றாம் நாள் சத்தமே இல்லை. அம்மா வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். டியூட்டி மாறும்போது "பையன் செட்டில் ஆகிவிட்டான்" என்று நான் சொன்னேன். சீனியர் நர்ஸ் ஒருவர், "சாப்பிட்டானா? விளையாடினானா?" என்று இரண்டே கேள்வி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இடைவேளையில் அவர்தான் ஜேம்ஸ் ராபர்ட்சனைப் பற்றிச் சொன்னார். லண்டனில் டாவிஸ்டாக் என்ற மனநலக் கிளினிக்கில், தாய்-சேய் ஒட்டுதலை ஆராய்ந்த பௌல்பியோடு வேலை பார்த்தவர். 1952-இல், எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் படம் பிடித்துக் காட்டினார். அப்போது இந்த நாட்டில் பெற்றோர் நினைத்தபோது வந்து பார்க்க முடியாது. சில இடங்களில் வாரத்துக்கு ஒரு நாள்தான். தாயைப் பிரிந்த குழந்தை முதலில் அழுது எதிர்க்கும், அப்புறம் சோர்ந்து அடங்கும், கடைசியில் ஒட்டுதலே விட்டதுபோல் ஆகிவிடும் என்றார் ராபர்ட்சன். அந்த அடங்கிய நிலையைத்தான் 'செட்டில் ஆகிவிட்டது' என்று நர்சுகள் எழுதிவந்தார்களாம். என் வார்த்தையேதான்! அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம்மூரில் சொல்வோம். இங்கே நான் அழாத பிள்ளையின் பக்கம் போய் உட்காரக் கற்றுக்கொண்டேன்.

1959-இல் அரசாங்கம் போட்ட பிளாட் கமிட்டி, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு தாயும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. இதே நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற டாக்டர் 1920-களிலேயே தாய்மாரை உள்ளே சேர்த்துக்கொண்டவர். யார் கேட்டார்கள்?

படித்துவிட்டு எனக்கு ஒரே பெருமை. நம் ஊரில் பைஸ்டாண்டர் இல்லாத பிள்ளை உண்டா? கட்டிலுக்குக் கீழே பாயில் அம்மா, வாசலில் பிளாஸ்கோடு பாட்டி. ரவுண்ட்ஸ் நேரத்தில் அவர்களை விரட்டுவதே நமக்குப் பெரிய வேலை. ஆனால் அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

ஐந்து வயதுப் பெண் ஒருத்திக்கு ரத்தம் எடுத்தோம். ஊசிக்கு அவ்வளவாக அழவில்லை. பஞ்சை எடுத்ததும் வீறிட்டாள். ஓட்டை வழியாக எல்லா ரத்தமும் போய்விடும் என்ற பயம். பிளாஸ்டர் ஒட்டியதும் அழுகை நின்றது. இரண்டிலிருந்து ஏழு வயதுவரை பிள்ளை கண்ணால் காண்பதை வைத்தே யோசிக்கும் என்று பியாஜே சொன்னதைப் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். உடம்பு அதற்கு ஒரு தண்ணீர்ப் பை மாதிரி என்று அன்றுதான் புரிந்தது. இப்போதெல்லாம் "ரத்தம் எடுக்கப் போகிறோம்" என்று சொல்வதில்லை. "ஒரு ஸ்பூன்தான், உடம்பே திரும்பச் செய்துகொள்ளும்" என்கிறேன்.

வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போட இங்கே ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் கிரீம் தடவுவார்கள். விளையாட்டுக்கென்றே ஒரு ஸ்பெஷலிஸ்ட் வந்து முதலில் கரடிப் பொம்மைக்குப் போட்டுக் காட்டுவார். "எந்தக் கையில் போடலாம்?" என்று கேட்போம். "போடலாமா?" என்று கேட்கமாட்டோம். வேண்டாம் என்றுவிட்டால் என்ன செய்வது? நம் வார்டில் நானே "ஊசி இல்லடா, சும்மா பார்க்கத்தான்" என்று பொய் சொல்லி, நாலு பேரை விட்டு அமுக்கிப் பிடித்திருக்கிறேன். அத்தனை நோயாளிக்கு இரண்டே நர்ஸ் என்றால் கிரீம் வேலை செய்யக் காத்திருக்க நேரம் ஏது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பொய்க்கு நேரம் காரணம் இல்லை.

வயதுக் கட்டத்தை அப்படியே நம்பிவிடாதே. போன வாரம் ஒன்பது வயதுப் பையன் படுக்கையை நனைத்துவிட்டான், வீட்டில் அந்தப் பழக்கமே இல்லையாம். நோய் வந்தால் பிள்ளைகள் இரண்டு படி கீழே இறங்கிவிடும். பேசாமல் விரிப்பை மாற்றினேன். சர்க்கரை வியாதி உள்ள பதினாலு வயதுக்காரி வேண்டுமென்றே இன்சுலினைத் தவிர்ப்பாள், தோழிகள் முன்னால் ஊசி போட வெட்கம். அவளிடம் அம்மா இல்லாத நேரத்தில்தான் பேச முடிகிறது. எரிக்ஸன் அந்த வயதுக்குச் சொன்ன 'நான் யார்' குழப்பம் அதுதான்.

மூன்றிலிருந்து ஆறுவரை குற்ற உணர்ச்சி என்று எழுதியிருப்பார் பார், அங்கே உன் ஞாபகம் வந்தது. உனக்கு ஐந்து வயதில் மஞ்சள்காமாலை. பக்கத்துத் தோப்பில் கொல்லாம்பழம் திருடித் தின்றதால் வந்ததா என்று கேட்டாய். "ஆமா, இனி திருடாதே" என்றாள் அம்மா. எத்தனை நாள் நீ அதை நம்பினாயோ! இங்கே பிள்ளை கேட்காவிட்டாலும் நாங்களே சொல்லிவிடுகிறோம், நீ எதுவும் செய்ததால் இது வரவில்லை என்று.

இந்தப் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. காட்டினாலும் என்ன சொல்வாள் என்று தெரியும்: "அதுக்கப்புறம் அவ திருடினாளா?"

அன்புடன்,
அக்கா