இன்னொரு தடவை வாசி, கண்ணு

அம்மாபேட்டை, சேலம்
22.11.2025

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இரண்டு தடவை பேனாவை எடுத்தேன், எழுத ஓடாமல் மூடி வைத்துவிட்டேன். "இந்தப் பிள்ளைகளை எப்படிப்பட்ட காலத்தில் விட்டுவிட்டுப் போகப்போகிறோம், நினைத்தால் தூக்கமே வரமாட்டேன் என்கிறது" என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அந்த வரிதான் காரணம். எனக்கும்தான் தூக்கம் வரவில்லை என்று எழுதி அனுப்பினால் உனக்கு என்ன ஆறுதல்? போன ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்தான் உனக்குச் சொல்ல என்னிடம் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது.

முதலில் ஊர்ச் செய்தி. மூக்கனேரி பக்கம் போன வாரம் போயிருந்தேன். 2010-ல் ஊர்க்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஏரிக்குள் மண்ணைக் குவித்துத் திட்டுத் திட்டாக மரம் வைத்தார்களே, அந்தத் திட்டுகள் இப்போது குட்டிக் காடு மாதிரி இருக்கின்றன. சாயங்காலம் கொக்குகள் வந்து அடைவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். எதிர்வீட்டுக் குழித்தறி நின்றுபோனது. மூன்று தலைமுறையாக வெண்பட்டு நெய்த குடும்பம். பையன் பெங்களூரில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். காலையில் அந்தத் தறிச் சத்தம் இல்லாமல் தெருவே காது அடைத்த மாதிரி இருக்கிறது. என் மூட்டுவலி அப்படியேதான். அதை விடு.

என் பயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 27 ராத்திரி கரூர்ப் பிரசாரக் கூட்டத்து நெரிசல் செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது என் பேரன் வீட்டில் இல்லை. பதினாறு வயசு. அன்றைக்குப் பகலில் நாமக்கல்லிலும் கூட்டம். போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். நாற்பது நிமிஷம் வாசலிலேயே நின்றேன் சரோ. பொன்னம்மாபேட்டையில் கூட்டாளி வீட்டில் கேரம் விளையாடிவிட்டுச் சாவகாசமாக வந்தான். கட்டிக்கொண்டு அழுதேன், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. 41 உயிர். அந்தத் தாய்மார் எத்தனை நாற்பது நிமிஷம் நின்றிருப்பார்கள்? அடுத்த நாளிலிருந்து ஆளுக்கொரு பக்கம் பழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னால் டிவியைப் பார்க்க முடியவில்லை.

பேத்தி விஷயம் வேறு. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் கூடப் படித்த பையன்களே ஒரு பையனை வீடு புகுந்து வெட்டினார்களே, தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்களே, அதற்கப்புறம்தான் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டக்கூடாது என்று 2024-ல் அறிக்கை கொடுத்தார்கள். கயிற்றை அறுத்துவிடலாம், போனுக்குள் இருப்பதை என்ன செய்வது? இவள் படிக்கிற இடத்தில் சாதிவாரியாக வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்களாம். முதல் வருஷப் பிள்ளைகள் வந்து சேர்ந்த உடனே, இன்னார் மகன் என்று விசாரித்து, அந்தந்தக் குழுவில் சேர்த்துவிடுகிறார்களாம். இவளும் கூட மூன்று பிள்ளைகளும் அதை எதிர்த்துப் பெயர் போட்டுக் கையெழுத்து வைத்து மேலிடத்துக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். அன்று ராத்திரியே அவள் போனுக்கு வந்த செய்திகளைக் காட்டினாள். நான் இந்தக் கடிதத்தில் எழுதக் கூசுகிற வார்த்தைகள்.

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. "உனக்கெதுக்கு இந்த வேலை? வாயை மூடிக்கிட்டு, படிச்சோமா வந்தோமான்னு இரு" என்று கத்தினேன். கத்தி முடித்ததும் திக்கென்றது. அது என் குரலே இல்லை, என் அப்பா குரல்.

உனக்கு நினைவிருக்கும். 1975 ஜூனில் நாம் சாரதா கல்லூரியில் சேர்ந்த அதே மாதக் கடைசியில் நெருக்கடி நிலை வந்தது. அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே, ஓடத்தை நிறுத்தாமல், "காலேஜ்ல எவ என்ன பேசினாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றார். 1976 ஜனவரி 31-ல் இங்கே தி.மு.க. ஆட்சியைக் கலைத்தபோது ரேடியோவை அணைத்துவிட்டுக் கதவைத் தாழ் போட்டார். என் அப்பா ஒரு கோழை என்று ஃபேர்லேண்ட்ஸ் பஸ் ஸ்டாப்பில் உன்னிடம் சொல்லி அழுதேன். நீ கைக்குட்டை கொடுத்தாய்.

அவர் போன பிறகுதான் அம்மா சொன்னாள். 1950 பிப்ரவரி 11-ல் நம்ம ஊர் ஜெயிலுக்குள் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அப்பாவுக்கு இருபது வயசு. அவரோடு சங்கத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த கூட்டாளி ஒருவர் அந்த வாரமே ஊரைவிட்டுப் போனவர், திரும்பவே இல்லையாம். அதற்கப்புறம் அப்பா எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. இருபத்தைந்து வருஷம் அந்தப் பயத்தை நெஞ்சிலேயே வைத்திருந்து, என் தலையில் இறக்கி வைத்திருக்கிறார். நான் அதைப் பத்திரமாக வைத்திருந்து பேத்தியிடம் கொடுத்துவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு அம்மாயி. அதான் நாலு பேரா கையெழுத்துப் போட்டோம்" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை, சோறு போட்டுக்கொண்டு போய்விட்டாள். மனு என்ன ஆயிற்று என்றால், விசாரிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அவ்வளவுதான்.

சரி, இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் என்று 4-ம் தேதியிலிருந்து வீடு வீடாகப் பாரம் கொடுக்கிறார்கள் இல்லையா, இங்கே தெருவே கலங்கிப்போய்க் கிடக்கிறது. பீகாரில் வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர் இல்லை என்ற செய்தி எப்படியோ எல்லார் காதுக்கும் எட்டிவிட்டது. இது சரியா தப்பா என்று கட்சிகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஆனால் நம்ம தெருக் கிழவிக்கு அதுவா தெரியும்? பெயர் போனால் ரேஷன் போய்விடும், உதவித்தொகை போய்விடும், ஊரைவிட்டே போகச் சொல்வார்கள் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். பாரத்தில் பழைய பட்டியல் விவரத்தை வேறு கேட்கிறார்கள். 2002, 2005-ல் எடுத்த பட்டியல். அப்போது சேலம் 1, சேலம் 2 என்று தொகுதி இருந்தது. மறுவரையறைக்கு அப்புறம் வடக்கு, தெற்கு, மேற்கு என்று ஆகிவிட்டது. யார் எந்தப் பாகத்தில் இருந்தார்கள் என்று படித்த எனக்கே தலை சுற்றியது.

காலையில் எட்டு மணிக்கு இவளும் அந்த மூன்று பிள்ளைகளும் நம் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு லேப்டாப், நாலு போன், பசை டப்பா, பேனா. ஆளுக்கு இரண்டு பாரம். ஒன்றைப் பூர்த்தி செய்து கொடுக்க, இன்னொன்று ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ள. பதினோரு மணிக்குள் வரிசை பிள்ளையார் கோயில் வரை போய்விட்டது. இவர்கள் என்ன கட்சி என்று யாரும் கேட்கவில்லை, இவர்களும் வந்தவர்களை என்ன ஆள் என்று கேட்கவில்லை. மத்தியானம் யாரோ தட்டுவடை செட்டு வாங்கி வந்து வைத்தார்கள். ஒரு கையில் தட்டுவடை, ஒரு கையில் மவுஸ்.

நாலு வீடு தள்ளி ஒரு ஆயா இருக்கிறார். கூலிக்குப் பாவு போட்டுப் பிழைத்தவர், பிள்ளை இல்லை, வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வாக்காளர் அட்டையை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்ததால் தவிடு ஒட்டியிருந்தது. அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். பேத்தி பழைய பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வீட்டு எண்ணாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு பாகம் முழுக்கப் பார்த்தாயிற்று, இல்லை. அடுத்த பாகம், இல்லை. ஆயா உதடு துடிக்கிறது. மூன்றாவது பாகத்தில், ஏழாவது பக்கமோ எட்டாவது பக்கமோ, "இதோ ஆயா!" என்றாள். அவர் பெயரும் இருந்தது, அதற்கு மேல் வரியில் வீட்டுக்காரர் பெயரும் இருந்தது. ஆண், வயது 43.

"அவரு பேரு இருக்குதா?"

வாசித்துக் காட்டினாள்.

"இன்னொரு தடவை வாசி, கண்ணு."

வாசித்தாள். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. விரலை நீட்டித் திரையில் அந்த வரியைத் தொட்டார். தொட்டதும் பக்கம் சட்டென்று நகர்ந்துவிட்டது. பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். பேத்தி சிரிக்கவில்லை. மறுபடி அந்த இடத்துக்கே கொண்டுவந்து, பெரிதாக்கி, ஆயாவின் விரலைத் தன் கையில் பிடித்து அந்தப் பெயர் மேல் வைத்தாள். பின்னால் வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள். ஒருத்தர்கூட அவசரப்படுத்தவில்லை.

நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீஸில் எத்தனை பேருக்கு மணியார்டர் பாரம் எழுதியிருப்பேன் சொல்லு. அதை நான் ஒரு பெரிய காரியமாக நினைத்ததே இல்லை. அன்றைக்கு அவள் குனிந்து எழுதுவதைப் பார்த்தபோது, என் அப்பாவின் பயம் மட்டும் அவளுக்குப் போகவில்லை, வேறு ஒன்றும் என்னிடமிருந்து போயிருக்கிறது என்று தோன்றியது. எத்தனை வருஷத்துக்கு அப்புறம் நெஞ்சு லேசானது தெரியுமா? நாடு சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. அடுத்த வருஷத் தேர்தலில் யார் வந்தாலும் எதிர்வீட்டுத் தறி ஓடப்போவதில்லை. அந்த வாட்ஸ்அப் குழுக்கள் இன்னும் இருக்கின்றன. அவளுக்கு இன்னும் அசிங்கமான செய்திகள் வருகின்றன. ஆனால் "இந்தப் பிள்ளைகள்" என்று நீயும் நானும் நினைத்து நினைத்து விழித்திருந்தோமே, அந்தப் பிள்ளைகளை நாம் சரியாகப் பார்க்கவே இல்லை சரோ. போனில் வரும் செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அப்படித்தான் இருந்தேன். மகளிடம் சொன்னால், "நீ செய்தியைக் குறைச்சுக்கோம்மா" என்கிறாள். குறைத்துவிட்டேன், காலையில் பேப்பர் மட்டும்.

இவளுக்குப் போன மாதம்தான் பதினெட்டு முடிந்தது. புதிதாகப் பெயர் சேர்க்கிற ஆறாம் எண் படிவத்தைத் தனக்கு நிரப்பிக்கொண்டிருந்தாள். 1977 மார்ச்சில் டெல்லியில் ஆட்சியே மாறிய தேர்தலில் நமக்கு ஓட்டு இல்லையே என்று உட்கார்ந்து பொருமினோமே, அதைச் சொன்னேன். நமக்கு அப்போது 21 ஆகவேண்டும். நம்ம ஊர்ப் பக்கம் வேறு மாதிரிதான் ஓட்டு விழுந்தது, அது வேறு கதை. 18 என்று ஆக்கியது 1989-ல், அப்போது நமக்கு முப்பது தாண்டிவிட்டது. "அப்போ நீங்க எல்லாம் என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டாள். என்ன செய்தோம்? ஒன்றுமே செய்யவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

நாளைக்கு அந்த நாலு பேரும் ஏற்காடு போகிறார்கள். கூடப் படிக்கிற பிள்ளை ஒருத்தி மலைக்கிராமத்துக்காரி, மலையாளி என்கிற பழங்குடி, அவர்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். ஊரில் சிக்னல் கிடைக்காது, பெரியவர்களுக்கு இந்தப் பாரமெல்லாம் புரியாது என்று அவள் சொன்னாளாம். பட்டியலை முன்கூட்டியே இறக்கி எடுத்துக்கொண்டு போகிறார்கள். ராத்திரி சாப்பிடும்போதுதான் என்னிடம் சொன்னாள். இருபது கொண்டை ஊசி வளைவு, மழைக் காலம், பாதை சறுக்கும், நாலு பொட்டைப் பிள்ளைகள் என்று எல்லாம் வாய் வரை வந்துவிட்டது. அப்பா வேறு உள்ளே உட்கார்ந்து சொல்லு, சொல்லு என்கிறார். எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து, நீ ஊட்டியிலிருந்து வாங்கி வந்து கொடுத்தாயே அந்த நீல ஸ்வெட்டர், அதை எடுத்து அவள் பையில் வைத்தேன். மேலே குளிரும், காதைக் கட்டிக்கொள் என்று மட்டும் சொன்னேன். முதல் பஸ்ஸுக்குப் போகவேண்டுமாம். நாலரைக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறாள்.

நீ பாரம் கொடுத்துவிட்டாயா? கடைசி நாள் டிசம்பர் 4 என்று போட்டிருக்கிறது. நீ கோயம்புத்தூர் போனது அப்புறம்தானே, பழைய விவரம் எங்கே தேடுவது என்று முழித்துக்கொண்டிருப்பாய். உன்னைப் பற்றி இவளிடம் சொன்னேன். இங்கே குகைப் பகுதிப் பட்டியலில் தேடி எடுத்துவிட்டாள். உன் பெயர், உன் வீட்டுக்காரர் பெயர், உன் மாமியார் பெயர், மூன்றும் வரிசையாக இருக்கின்றன. உன் பெயரில் ஒரு கால் விட்டுப்போய் "சரேஜா" என்று அச்சாகியிருக்கிறது. அதனால் ஒன்றும் இல்லையாம். பாகம் எண்ணும் வரிசை எண்ணும் இத்தோடு தனித்தாளில் இருக்கிறது, அவள் கையெழுத்துதான். தொலைத்துவிடாதே.

என்றும் உன்,
அம்மாபேட்டைக்காரி