அந்த நண்டுக் கோப்பை

தம்பி,

சாப்பிட்டியோ. இஞ்சை எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, கிணத்தடி மாமரம் இந்தமுறை காய்ச்சுக் கொட்டுது சாப்பிடத்தான் ஆளில்லை, பெரியக்கா வீட்டை போன கிழமை போனனான், பழைய கதை ஒண்டும் கதைக்கேல்லை நீ யோசிக்காதை.

போனிலை எடுத்தா "வேலையிலை நிக்கிறன் அம்மா பேந்து எடுக்கிறன்" எண்டுவாய், அந்தப் பேந்து மூண்டு கிழமையாப் போச்சுது. அதாலைதான் எழுதுறன், ஆறுதலா வாசி.

நீ பேஸ்புக்கிலை போட்ட படம் பாத்தனான், மச்சாள்தான் கொண்டந்து காட்டினவ. வெள்ளைத்துணி விரிச்ச மேசை, மெழுகுதிரி, உனக்கு முன்னாலை ஸ்ரேக், நீ கோட்டுப் போட்டுக்கொண்டு. அம்மப்பாவின்ரை கலியாணப் படத்திலை அவர் இருக்கிற மாதிரியே இருக்கிறாய். எனக்குச் சந்தோசம்தான் அப்பு, மச்சாளுக்கு முன்னாலை தலை நிமிந்துதான் இருந்தனான். அங்காலைப் பக்கம் இன்னொரு கோப்பை நிறைய நண்டுக்கால், பக்கத்திலை ஒரு கை, அதோடை படம் வெட்டுப்பட்டுப் போச்சுது. சரி அது இருக்கட்டும்.

காசைத்தான் யோசிக்கிறன். போன வருசம் நீதான் விளங்கப்படுத்தினனி, ரொறன்ரோவிலை கோடையிலை சம்மலீஷியஸ் எண்டு ஒண்டு வரும், 2003இலை தொடங்கினது, பெரிய பெரிய கடையளும் அந்த நாளுகளிலை முதல் ஒரு சின்னச் சாப்பாடு பேந்து பெரிய சாப்பாடு கடைசியிலை இனிப்பு எண்டு மூண்டையும் சேத்து ஒரே விலைக்குக் குடுக்கும், எங்கடை பெடியள் அப்பதான் உப்பிடியான இடங்களுக்குப் போறவை எண்டு. மத்தியானச் சாப்பாடு இரவிலும் பாக்க மலிவு, குசினி ஒண்டுதான் எண்டும் சொன்னனி. காசு பாத்துச் செலவழிக்கத் தெரிஞ்ச பிள்ளை எண்டு மாமிக்குக்கூடச் சொன்னனான். ஆனா இந்தப் படத்திலை யன்னலுக்கு வெளியாலை நல்ல இருட்டு. உங்கை கோடையிலை ஒன்பது மணி ஆகும் இருள எண்டதும் நீ சொன்னதுதான். அப்ப இது மத்தியான விலையில்லை. விலைக்கு மேலை 13 வீதம் வரி, அதுக்கு மேலை டிப்ஸ் 18, 20 எண்டு அந்த மெசினே கேக்குமாம், நூறு டொலர் எண்டு எழுதிக்கிடந்தா கையாலை போறது நூற்றிமுப்பதுக்கு மேலை. கடனையும் கட்டிக்கொண்டு, மாசாமாசம் எங்களுக்கும் அனுப்பிக்கொண்டு, வாடகையும் குடுத்துக்கொண்டு எப்பிடியப்பு.

போறதெண்டாப் போ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. போக முதல் இன்ரநெற்றிலை விலையைப் பாத்துப்போட்டுப் போ. மார்க்கெற் பிறைஸ் எண்டு எழுதிக்கிடந்தா வெக்கப்படாமல் இண்டைக்கு எவ்வளவு எண்டு கேள். பாசையூர் மீன்சந்தையிலை நான் விலை கேக்காமல் ஒரு கூறு எடுத்துக் கண்டிருக்கிறியோ. சிங்க இறாலுக்கு இஞ்சையும் அண்டண்டைக்குத்தான் விலை, காத்து எழும்பினா விலையும் எழும்பும். ஸ்ரேக்கை அவுன்ஸ் கணக்கிலைதானே போடுவினம், 16 அவுன்ஸ் எண்டா கிட்டத்தட்ட 450 கிராம், அது ஒரு ஆளுக்கில்லை, ரெண்டு பேர் பங்கிட்டுச் சாப்பிடலாம், பக்கத்திலை ஒரு கிழங்கோ மரக்கறியோ எடுத்தாக் காணும். பாண் சும்மா தந்தா முதல் அதைச் சாப்பிடு. போத்தில் தண்ணி வேண்டாதை, பைப் தண்ணி கேட்டாச் சும்மா தருவினம். ரெண்டு பேர் எண்டது நான் ஒரு கணக்குக்குச் சொன்னது. விலையைப் பாத்துப்போட்டுப் போ.

மற்றது அந்த இறைச்சி. நல்லூர்க் கந்தன் கோயில் கொடி ஏறி ஆறாம் நாள் நீ அந்தப் படத்தைப் போட்டது. திருவிழா 25 நாளும் இந்த வீட்டிலை மச்சம் மாமிசம் இல்லையெண்டு உனக்குத் தெரியும். அதிலையும் மாடு, நடுவுக்கை சிவப்பா. அப்பா கண்ணாடியைக் கழட்டி வைச்சுப்போட்டு எழும்பி முத்தத்துக்குப் போட்டார், ஒண்டும் சொல்லேல்லை. எனக்கும் கோவந்தான் வந்தது. மீனும் நண்டும் விக்கிற கடையிலை போயிருந்து இந்தப் பிள்ளை ஏன் மாட்டை எடுத்தவன் எண்டு அண்டு முழுக்க மனதுக்கை பேசிக்கொண்டு திரிஞ்சனான். இரவு படுத்தாப் பிறகுதான் விளங்கினது. விளங்கின பிறகு நித்திரை வரேல்லை.

தம்பி, உனக்கு நண்டு கிரந்தி இல்லை.

2006 ஓகஸ்ட்டிலை சண்டையாலை யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை பூட்டேக்கை உனக்கு ஒன்பது வயசு. அப்பா கொழும்பிலை மாட்டுப்பட்டு நிண்டார், கப்பலுக்குப் பதிஞ்சு வந்துசேர எத்தினை மாசம் போனது எண்டு தெரியுந்தானே. ஊரடங்கு, கடலுக்குப் போறதுக்கும் கட்டுப்பாடு, சாமான் கப்பலிலை வந்தாத்தான், சீனி பால்மா எல்லாம் தொடேலாத விலை, சட்டை தைக்கத் தாற ஆக்களும் இல்லை. அப்ப ஒருநாள் பச்சைக் கதவு வீட்டிலை நண்டுக்கறி காய்ச்சினவை. முருங்கையிலை போட்ட வாசம் வேலிக்கு இஞ்சாலை வந்திட்டுது. நீ போய் வேலியடியிலை நிண்டனி. அந்தக் காலத்திலையும் அவை கூப்பிட்டு ஒரு கோப்பையிலை போட்டு நீட்டினவை. நீ கையிலை வாங்க முதல் நான் ஓடிவந்து "இவனுக்கு நண்டு கிரந்தி, உடம்பெல்லாம் தடிச்சுப்போடும்" எண்டு சொல்லி இழுத்துக்கொண்டு வந்தனான். அவையிட்டை வாங்கினாத் திருப்பிக் குடுக்க என்னட்டை ஒண்டுமில்லை, முந்தி அவையிட்டை வாங்கின கைமாத்துக் காசும் குடுக்காமல் அப்பிடியே கிடந்தது, அதுதான் காரணம். நீ அழேல்லை. "அப்பிடியே அம்மா, எனக்குத் தெரியாது" எண்டு மட்டும் கேட்டனி.

பேந்து பாதை திறந்தது, கையிலை காசு வந்தது, நண்டு கனக்க வாங்கினனான், ஆனா சொன்ன பொய்யை எப்பிடித் திருப்பி எடுக்கிறது. எல்லாருக்கும் நண்டு வைச்சு உனக்கு மட்டும் மீன் பொரிச்சுத் தந்தனான். கூழ் காய்ச்சேக்கை நண்டு போட முதல் உனக்கெண்டு சின்னச் சட்டியிலை வேறையா அள்ளி வைப்பன், நீ அதைப் பெருமையா அம்மா எனக்கெண்டு வேறையா வைக்கிறவ எண்டு பெடியளுக்குச் சொல்லுவாய், அது என்ரை காதிலை விழும். பள்ளிக்கூட ரிப்புக்குப் போகேக்கை நிரப்பின போர்மிலை நண்டு அலர்ஜி எண்டு நீயே எழுதினனி. பக்கத்திலைதான் நிண்டனான், வாய் திறக்கேல்லை. இஞ்சை நல்ல பெரிய நீலக்கால் நண்டெல்லாம் கம்பனிக்காரர் எடுத்து அமெரிக்காவுக்கு ஏத்துறாங்கள், ஆரோ எல்லாம் சாப்பிடுதுகள், பாசையூருக்குக் கூப்பிடு தூரத்திலை பிறந்து வளந்த என்ரை பிள்ளை மேசைக்கு அங்காலை நண்டை வைச்சுக்கொண்டு இஞ்சாலை இருந்து மாட்டை வெட்டுறான். அது நான் செய்தது. அப்பாவுக்கும் முந்தநாள்தான் சொன்னனான். எழுது எண்டு அவர்தான் சொன்னவர்.

ஆனா இதை வாசிச்ச கையோடை போய்ச் சாப்பிட்டிடாதை. நான் சொன்னது பொய்தான், எண்டாலும் நீ ஒருநாளும் சாப்பிட்டுப் பாக்கேல்லை, ஒத்துவருமோ எண்டு எனக்கும் தெரியாது. றால் சாப்பிடுறனி, அதாலை ஒண்டும் வராது எண்டுதான் நினைக்கிறன். ஆனா சில ஆக்களுக்கு உண்மையிலையே தொண்டை வீங்கி மூச்செடுக்க ஏலாமல் ஆபத்தாப் போறது. தோலிலை ஒரு சொட்டு விட்டுக் குத்திப் பாக்கிற ரெஸ்ற் ஒண்டு இருக்கு, டொக்டரிட்டைச் சொல்லி முதல் அதைச் செய்வி. செய்விச்சுப்போட்டு எனக்குச் சொல்லு. மறக்காதை, முதல் ரெஸ்ற்.

இந்த மாசம் காசு அனுப்பவேண்டாம், எங்களுக்குக் காணும். உன்ரை கணக்கு என்ன நிலையிலை கிடக்கெண்டு அப்பாவுக்கு எண்டாலும் சொல்லு, அவர் பேசமாட்டார்.

அந்தப் படத்தை நான் திருப்பித் திருப்பிப் பாத்தனான். அந்தக் கையிலை ஒரு நூல் மட்டும் கட்டிக்கிடக்கு. கோதெல்லாம் வடிவா ஒரு பக்கமா அடுக்கியிருக்கு, சின்னக் காலைக்கூட உடைச்சு எடுத்திருக்கு. நண்டு சாப்பிட்டுப் பழகின வீட்டுப் பிள்ளை போல எண்டு அப்பா சொன்னார். நான் ஒண்டும் கேக்கேல்லை.

ஞாயிற்றுக்கிழமை எடு, அப்பா கோயிலாலை வந்தாப் பிறகு எடு. மார்கழிக்கு வாறதெண்டா நிலவு காலமில்லாமல் பாத்து டிக்கெற் போடு, நிலவு நண்டிலை சதை இராது, கோதுதான் மிஞ்சும். எத்தினை பேருக்கு வாங்கிறதெண்டும் முன்னுக்கே சொல்லிப்போடு.

அம்மா