கம்போடியாவில் கொலையை நிறுத்தியது எது?

ஆசிரியருக்கு,

இன்னொரு நாட்டுக்குள் படை நுழைந்தாலே அது அக்கிரமம்தான், இதில் நியாயம் பேச இடமே இல்லை என்று அடித்துச் சொல்பவர்கள் 1979 ஜனவரி 7-ஐக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். அன்றுதான் வியட்நாம் படை கம்போடியத் தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது, அந்நாட்டை ஆண்டுகொண்டிருந்த போல் பாட் கும்பல் தாய்லாந்து எல்லைப் பக்கம் ஓடியது. அதற்கு முன் நான்கு வருடத்துக்குள் பட்டினி, நோய், கட்டாய உழைப்பு, நேரடிக் கொலை என்று 15 முதல் 20 லட்சம் பேர் செத்திருந்தார்கள், ஏறக்குறைய நான்கில் ஒருவர். கண்டன அறிக்கையா அதை நிறுத்தியது?

வியட்நாம் ஒன்றும் புண்ணியத்துக்காகப் போகவில்லை, சரி. போல் பாட்டின் கெமர் ரூஜ் இயக்கம் எல்லை தாண்டி வந்து அதன் கிராமங்களில் மக்களைக் கொன்றதுதான் முக்கியக் காரணம். 1978 ஏப்ரலில் பா சுக் என்ற வியட்நாம் கிராமத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேல். அப்புறம் பத்து வருடம் அங்கேயே உட்கார்ந்துகொண்டதை நானும் நியாயப்படுத்த மாட்டேன். அதற்காக, மனசு சுத்தமான படை ஒன்று வரும்வரை போல் பாட் ஆட்சியின் சித்திரவதைக் கூடமான துவோல் ஸ்லெங் சிறைக்குள் இருந்தவர்கள் காத்திருக்க வேண்டுமா?

வெட்கக்கேடு என்னவென்றால், அமெரிக்காவும் சீனாவும் ஆதரிக்க, ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி அதன் பிறகும் போல் பாட் தரப்பிடமே இருந்தது. இந்தியா 1980-இல் வியட்நாம் அமர்த்திய புதிய அரசை அங்கீகரித்தது, பலருக்குக் கோபம். என்னைக் கேட்டால் அது சரியான முடிவு. கொலை நடந்துகொண்டிருக்கிறது, வேறு வழியும் அடைபட்டுவிட்டது என்றால் படை போகலாம், ஆனால் எப்போது திரும்பும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஒரு வாசகர், மதுரை