முதல் செலவு ஊசிக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வினைல் இசைத்தட்டுகளுக்கு மீண்டும் மவுசு கூடியிருப்பதாக நாளிதழ்களில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. அவற்றைப் படிப்பவர்களில் பலர், இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள்; சிலர், இருப்பதிலேயே மலிவான பிளேயர் ஒன்றை வாங்கி, அதன் ஒலியைக் கேட்டு விரைவிலேயே சலித்துப்போகிறார்கள். கையில் இருக்கும் சிறு தொகையை எதில் முதலில் போடுவது என்று தெரிந்துகொண்டால் இவ்விரண்டையும் தவிர்க்கலாம்.

சூட்கேஸ் போல மூடி எடுத்துச்செல்லும் மலிவுப் பிளேயர்கள் பார்க்க அழகாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சிக்னலாக மாற்றும் சிறு பாகமே கார்ட்ரிட்ஜ்). அதன் ஊசி தட்டின்மீது ஏறக்குறைய ஐந்து கிராம் அளவுக்கு அழுத்துவதோடு, அந்த அழுத்தத்தைத் திருத்துவதற்கான எடையும் ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் பின்முனையில் இருப்பதில்லை. காந்தவகைக் கார்ட்ரிட்ஜுகளுக்குப் பொதுவாக 1.5 முதல் 3 கிராம் வரை போதும். ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால், ஒலியைக் கூட்டினால் அந்த அதிர்வு ஊசியையே போய்ச் சேர்கிறது.

ஆகவே, அதே தொகைக்கு நல்ல நிலையிலுள்ள பழைய டர்ன்டேபிள் (தட்டைச் சுழற்றும் தனிக்கருவி) ஒன்று கிடைக்குமானால் அதையே வாங்கலாம் என்பது என் கருத்து. தட்டு சுழலும் வேகம் சீராக இருக்கிறதா, டோன் ஆர்ம் எங்கும் சிக்காமல் நகர்கிறதா, அதன் மூட்டில் ஆட்டம் உண்டா என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் போதும். தட்டைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருந்தால் அதை எளிதில் மாற்றிவிடலாம். ஊசியை மட்டும், விற்பவர் என்ன உறுதி சொன்னாலும், புதிதாகப் போட்டுவிட வேண்டும். தேய்ந்த ஊசியின் விளிம்பு, தட்டின் பள்ளத்தைச் செதுக்கிக்கொண்டே போகும். அந்தச் சேதத்தைப் பிறகு எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது. தட்டுகளை வாங்கிக் குவித்துவிட்டு ஊசிக்குக் கணக்குப் பார்ப்பது, யானையை வாங்கியவர் அங்குசத்துக்கு யோசித்த கதைதான்.

அழுத்தம் குறையக் குறைய நல்லது என்று எண்ணுவதும் தவறு. அளவுக்கு மீறி இலேசாக வைத்த ஊசி பள்ளத்துக்குள் நிலையாக ஓடாமல் துள்ளித்துள்ளிச் சுவர்களைக் காயப்படுத்தும். கார்ட்ரிட்ஜ் தயாரித்தவர் சொல்லும் அளவே சரி.

புதியவர்களைக் குழப்பும் இன்னொன்று இணைப்பு. தட்டு வெட்டும்போது தாழ்சுருதி ஒலிகளைக் குறைத்தும் உச்சஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ.வின் பெயரில் 1954 முதல் வழக்கிலுள்ள முறைப்படி அதைத் திரும்ப நேராக்க ஒரு ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். காந்தவகைக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே என்பதால் சிக்னலை வலுவாக்குவதும் அதன் வேலை. அது இல்லாமல் ஆம்ப்ளிஃபையரின் சாதாரண இணைப்பில் செருகிவிட்டு, ஒலி மெலிந்து கீச்சென்று கேட்பதால் பிளேயரே பழுது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. பழைய ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் ஃபோனோ பிரீஆம்ப் உள்ளேயே இருக்கும் என்பதால், அதைத் தனியாக வாங்குவதற்கு முன் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தில் ஃபோனோ இணைப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது செலவைக் குறைக்கும்.

பழைய தட்டுகளை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தே வாங்க வேண்டும். தூசியும் விரல்தடமும் கழுவினால் போய்விடும். கரிய பளபளப்பு மங்கிப் பள்ளங்கள் சாம்பல் பூத்திருந்தால், மழுங்கிய ஊசியில் பலமுறை ஓடிய தட்டு என்று பெரும்பாலும் கொள்ளலாம். கீறலை நகநுனியால் மெல்லத் தடவும்போது நகம் தட்டினால் ஊசியும் அங்கே தட்டும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் மண்டியிருந்தால், அந்தத் தட்டைப் பலமுறை போட்டு எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அரக்கில் செய்த, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் மலிவாகக் கிடைத்தாலும், தொடக்கத்தில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. 1948-இல் வந்த, நீண்டநேரம் ஓடும் வினைல் தட்டான எல்.பி.யின் நுண்பள்ளத்துக்கான ஊசி அவற்றின் அகன்ற பள்ளத்துக்குப் பொருந்தாது. ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும்.

இத்துறை குறித்துத் தங்கள் நாளிதழில் எழுதுவோர், எந்த பிளேயரைப் பரிந்துரைத்தாலும் அதற்கு மாற்று ஊசி தனியாகக் கிடைக்கிறதா என்பதையும் அதன் விலையையும் சேர்த்துக் குறிப்பிட்டால், சிறு தொகையோடு கடைக்குப் போகும் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்