வட்டைப் பாதைகள் சபைப் பதிவேட்டில் ஏறட்டும்: படுவான்கரைப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்னுள்ள மாசி, பங்குனி மாதங்களில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்வெளிகளில் நடப்பதற்காக வாவியைக் கடந்து வரும், கிழக்கே உள்ள எழுவான்கரை மக்களுள் நானும் ஒருவன். மாரி ஓய்ந்து, வெயில் இன்னும் கடுமையாகாத அந்தச் சில வாரங்களில் வட்டைகளின், அதாவது வயற்பரப்புகளின், ஊடாகச் செல்லும் வண்டிப் பாதைகளும் வாய்க்கால் கரைகளும் குளக்கட்டுகளும் காய்ந்து, நடப்பதற்கு ஏற்றவையாகின்றன. அவ்வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டு வருவதைக் குறித்தும், அவற்றைக் காப்பதில் உங்கள் சபைகள் செய்யக்கூடியதைக் குறித்தும் எழுதுகிறேன்.

அறுவடை முடிந்த வயலை வெறுந்தரை என்று நினைப்பவர்கள் அதைப் பிரதான வீதியில் நின்று மட்டுமே பார்த்தவர்கள். பயிர் நின்ற காலத்தில் தொலைவிலுள்ள மேய்ச்சற்தரைகளுக்குச் சாய்த்துச் செல்லப்பட்ட மாட்டுப் பட்டிகள் அப்போதுதான் திரும்பி வந்து வெட்டிய தாளை மேய்கின்றன; மாடுகளின் காலடியில் கிளம்பும் பூச்சிகளுக்காக உண்ணிக்கொக்குகள் கூடவே நடக்கின்றன; வற்றிவரும் பள்ளங்களில் எஞ்சிய மீனுக்கு நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூடுகின்றன. வடக்கே இருந்து வந்த உள்ளான்களும் தாராக்களும் நெடும்பயணம் திரும்புவதற்கு முன் இரை தேடிக்கொள்வதும் இந்தச் சேற்றிலேதான். இலையுதிர்த்த முருக்கு செந்நிறமாய்ப் பூத்து நிற்க, ஆற்றோரத்து மருத மரங்களின் நிழலில் சிறிது இருந்து நடந்தால், காலை வேளை போவதே தெரியாது. வைகாசிச் சடங்குக்குக் கண்ணகை அம்மன் கோயில்களுக்கும், தேர் பார்க்கக் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக்கும் நம் முன்னோர் நடந்து சென்றது இத்தகைய வழிகளிலேயே. உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு ஆண்டுதோறும் கால்நடையாக அடியார்களை அனுப்பிவைக்கும் ஒரு மாவட்டத்துக்கு நடையின் பெருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அபிவிருத்தி வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. வாவியின் மறுகரையில் வசதியாக வாழ்ந்துகொண்டு அப்படிச் சொல்வது நியாயமும் அல்ல. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, நோயாளியையும் நெல் மூட்டையையும் ‘பாதை’ எனப்படும் ஒரே மிதவையில் ஏற்றி வாவியைக் கடந்த மக்களுக்கு அந்தப் பாலமும் அதனோடு வந்த காபெட் வீதியும் எவ்வளவு பெரியவை என்பதை அறிவேன். ஆனால் வீதி நன்றாகியதும் வீதியோரக் காணியின் விலை ஏறுகிறது; விலை ஏறிய இடத்தில் வயல் துண்டாடப்படுகிறது; துண்டாடிய வயலை மேடாக்கக் கிறவல் எனப்படும் சரளை மண் தேவைப்படுகிறது; அந்தக் கிறவலுக்காக உள்ளே இன்னொரு மேட்டுநிலம் பெக்கோ இயந்திரம் கொண்டு தோண்டப்படுகிறது. ஆக, ஒரு வீடோ களஞ்சியமோ எழுவதற்கு இரண்டு நிலங்கள் உருமாறுகின்றன. தோண்டிய குழி மூடப்படாமல் நீர் நிரம்பி, மாட்டுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்தாய்க் கிடக்கிறது. டிப்பர் ஓடிய வண்டிப் பாதையில் அடுத்த மாரியில் உழவு இயந்திரமே புதைகிறது. முட்கம்பி போட்ட இடத்தில் நடப்பவர் திரும்பிவிடலாம், பட்டியை ஓட்டி வருபவர் எங்கே திரும்புவார்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, நெற்காணியை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மண், கிறவல் அகழ்வு 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றே நடைபெற வேண்டும். எனினும் இவை காணியைத் துண்டு துண்டாகவே பார்க்கின்றன. ஒரு துண்டை நிரப்பியவுடன் அதன் பின்னால் உள்ள வட்டைக்குப் போகும் வழியும், அந்த வட்டையின் நீர் வடியும் வழியும் என்னவாகும் என்ற கேள்வி எந்தக் கோப்பிலும் எழுவதாகத் தெரியவில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட நம் மாவட்டத்தில் இக்கேள்வி எழாமல் இருப்பது வியப்பே. தாழ்நில வயல்கள்தாம் மழை வெள்ளத்தைச் சிறிது நேரம் தாங்கி, மெல்ல மெல்ல வாவிக்கு விடுகின்றன; ஒருவர் தம் வளவை மேடாக்கினால் அந்த நீர் இல்லாமல் போவதில்லை, அயலவரின் அடுப்படிக்குள் போகிறது.

யானையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளாவெளி, வவுணதீவுப் பக்கங்களில் சூரியன் நன்றாகக் கிளம்பிய பிறகே நடக்கத் தொடங்குமாறு ஊரவர்கள் எச்சரிப்பார்கள். அதை மீறக் கூடாது. அவர்கள் இரவெல்லாம் வயற்காவல் வாடியில் கண்விழித்து வேளாண்மையைக் காக்கும் நிலைமையில், எஞ்சியுள்ள பற்றைக்காடுகளையும் கிறவலுக்காக வெளியாக்குவது யானையை ஊருக்குள் வரவழைக்கும் வேலையாகும்.

2025 மே மாதத் தேர்தலில் தெரிவான சபைகளாகிய உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. உங்கள் எல்லைக்குள் மக்களும் மாடுகளும் வழக்கமாகப் பயன்படுத்தும் வண்டிப் பாதைகள், வாய்க்கால் கரைகள், குளக்கட்டு வழிகள், நீர் வடியும் ஓடைகள் ஆகியவற்றைக் கமநல சேவை நிலையத்தோடும் விவசாய அமைப்புகளோடும் சேர்ந்து வரைபடத்தில் குறித்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். எந்த வழி எங்கே போகிறது என்பதை, வட்டைகளின் நீர்ப்பாய்ச்சலைக் கவனிக்கும் வட்டைவிதானைமார் நன்கு அறிவார்கள். அவர்களுள் பலர் முதியவர்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடலாகாது. அதன் பின், காணித் துண்டாடலுக்கோ கட்டடத்துக்கோ உங்களிடம் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு, பதிவான வழியையோ ஓடையையோ மறிப்பதாயின் திருத்தி வருமாறு திருப்பி அனுப்புங்கள். அகழ்வு பற்றி உங்கள் கருத்துக் கேட்கப்படும்போது, குழியை யார், எப்போது மூடுவார் என்பதை எழுத்தில் பெற்ற பிறகே கருத்துரையுங்கள்.

இந்தப் பதிவுப் பணியை வருகிற மாசி அறுவடை முடிந்தவுடன் தொடங்குவதற்கான தீர்மானத்தை உங்கள் மாதாந்த அமர்வொன்றில் நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். தொழினுட்ப உத்தியோகத்தரோடும் கிராம உத்தியோகத்தரோடும் நடந்து வழிகளைக் குறித்துக் கொடுக்க, இங்கு வழக்கமாக நடப்பவர்களில் சிலர் ஆயத்தமாக உள்ளோம். நாளைக் குறித்து அறிவித்தால் வந்து சேர்வோம்.

இங்ஙனம்,
எழுவான்கரை வாசி ஒருவன்,
மட்டக்களப்பு.